டிஸ்ப்ளே வரலையா? இஎம்ஐ போடறதுக்கு முன்னாடி ஒரு அழிரப்பர் எடுங்க

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைல சித்தி பையன் போன் பண்ணான். "அக்கா, கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளே வரல. கடைல கேட்டேன், மதர்போர்டு போயிருக்கும், பழைய மிஷின், புதுசு வாங்கிடுங்கன்னுட்டாங்க. 48,000 ரூபாய்க்கு லேப்டாப் பார்த்து வெச்சிருக்கேன். 12 மாச இஎம்ஐ. போட்டுடட்டுமா?"

அவன் சம்பளம் 26,000. ராத்திரில ரெண்டு கடைக்கு பில் என்ட்ரி பண்ணி மாசம் 6,000 சம்பாதிக்கிறான். அது அந்த கம்ப்யூட்டர்லதான். மிஷின் நின்னா வருமானமும் நிக்கும். அதனாலதான் அவ்வளவு பதட்டம். பதட்டத்துல போடற இஎம்ஐதான் பெரும்பாலும் நம்மளைக் கடிக்கும்.

கணக்கைப் பாருங்க. 48,000 ரூபாய், 15% வட்டி, 12 மாசம்னா மாசத்துக்கு சுமார் 4,330 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 4,000. கிரெடிட் கார்டு இஎம்ஐயா இருந்தா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, அது இன்னொரு 700. ப்ராசஸிங் ஃபீ தனி. எல்லாமே ஒருத்தரும் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்காத ஒரு மிஷினுக்காக!

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்ல. சிஏ படிக்கும்போது என் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்ல திரை மஞ்சளா மாறிச்சு. மானிட்டர் போச்சுன்னு நானே முடிவு பண்ணி 6,500 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். மாட்டிப் பார்த்தா அதுலயும் மஞ்சள்! பழுது கேபிள்ல. மூணு மாச ஸ்டைபெண்ட் போச்சு.

அன்னைக்குக் கத்துக்கிட்ட விதி இதுதான்: காசு செலவில்லாத சோதனையை முதல்ல பண்ணுங்க, செலவு வைக்கிற சோதனையைக் கடைசில பண்ணுங்க.

1. மானிட்டரா, சிபியூவா?

மானிட்டரை ஆன்ல வெச்சு, சிபியூ பக்கம் இருக்கிற டிஸ்ப்ளே கேபிளை மட்டும் கழட்டுங்க. "நோ சிக்னல்" மாதிரி ஏதாவது எழுத்து வந்தா மானிட்டருக்கு உயிர் இருக்கு. ஒண்ணுமே வரலைன்னா கேபிளை மறுபடி மாட்டி, இருட்டு அறைல திரை மேல டார்ச் அடிச்சுப் பாருங்க. மங்கலா படம் தெரிஞ்சா பேக்லைட் போயிருக்கு. வீட்டு டிவில எச்டிஎம்ஐ இருந்தா சிபியூவை அதுல மாட்டிப் பாருங்க. டிவில படம் வந்தா பிரச்சினை மானிட்டர்லயோ கேபிள்லயோதான்.

2. கேபிளும் போர்ட்டும்

விஜிஏ கேபிள்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தனித்தனி பின். நீலம் போற பின் வளைஞ்சாலோ லூஸானாலோ வெள்ளை மஞ்சளா தெரியும். என் 6,500 ரூபாய் போனது இந்த ஒரு பின்னுக்காகத்தான். கேபிளோட ரெண்டு முனையையும் பாருங்க, வேற கேபிள் கடன் வாங்கியாவது மாத்திப் பாருங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற மிஷின்ல கேபிளை அந்தக் கார்டுல மாட்டணும். தப்பா மதர்போர்டு போர்ட்ல மாட்டிட்டுத் தவிக்கிறவங்க நிறைய பேர்.

3. ஸ்க்ரீன்ஷாட் சோதனை

படம் வருது, ஆனா கோடு, புள்ளி, கட்டம் தெரியுதா? ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்க போன்ல பாருங்க. போன்லயும் கோடு தெரிஞ்சா தப்பு கம்ப்யூட்டருக்குள்ள. போன்ல சுத்தமா இருந்தா மானிட்டர், கேபிள், இல்லைன்னா சிக்னல் வெளியே வர்ற போர்ட். அடுத்து, ஆன் பண்ணதும் பயாஸ் திரைக்குப் போங்க. அங்கயும் கோடு இருந்தா அது டிரைவர் பிரச்சினை இல்ல, ஹார்டுவேர்.

4. ரேம்

ஃபேன் சுத்துது, லைட் எரியுது, திரை மட்டும் கருப்பு. பழைய மிஷின்ல இதுக்கு முதல் சந்தேகம் ரேம் மேலதான். பவர் கார்டைப் பிடுங்குங்க, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க, கேபினெட்டோட உலோகப் பகுதியைத் தொடுங்க. அப்புறம் ரேமைக் கழட்டி, தங்க நிற முனைகளை அழிரப்பரால மெதுவா தேய்ச்சு, துகளைத் துடைச்சு, "க்ளிக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. ஆன் பண்ணும்போது பீப் சத்தம் வந்தா எத்தனை தடவைன்னு எண்ணி, உங்க மாடலோட மேனுவல்ல அதுக்கு என்ன அர்த்தம்னு பாருங்க. தேதி அடிக்கடி பழைய வருஷத்துக்குப் போகுதுன்னா சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாத்திடுங்க.

5. கிராஃபிக்ஸ் கார்டு

கார்டைக் கழட்டிட்டு, கேபிளை மதர்போர்டு போர்ட்ல மாட்டுங்க. ப்ராசஸர்லயே கிராஃபிக்ஸ் இருந்தா படம் வரும். வந்துடுச்சுன்னா குற்றவாளி கார்டுதான்.

ஒரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் மானிட்டரையும் நீங்க திறக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ள இருக்கிற கெபாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும். அது டெக்னீஷியன் வேலை.

தம்பி கதை என்னாச்சு?

வீடியோ கால்ல ஒவ்வொண்ணா பண்ணோம். ரேமைத் துடைச்சதும் டிஸ்ப்ளே வந்துடுச்சு. நாலு நாள் கழிச்சு திரையெல்லாம் கலர் கட்டம். ஸ்க்ரீன்ஷாட்ல இல்ல, ஆனா பயாஸ்ல இருக்கு. கேபிளை மாத்தினோம், டிவில மாட்டினோம், அப்பவும் அதே கட்டம். மிச்சம் இருந்தது கார்டும் அதோட போர்ட்டும். கார்டைக் கழட்டினோம், போச்சு. பில் என்ட்ரிக்கு கிராஃபிக்ஸ் கார்டு எதுக்கு? மொத்தச் செலவு ஒரு அழிரப்பர்.

ஆனா கதை இதோட முடியல. கம்பெனிச் சட்டத்துல டெஸ்க்டாப், லேப்டாப்புக்கு ஆயுள் 3 வருஷம்னு வெச்சுதான் தேய்மானம் போடுவாங்க. கம்பெனிகள் கழிச்சுவிடற மிஷின்கள்தான் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்கள்ல நம்ம கைக்கு வருது. அவனோடது 4-வது தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 அந்த ப்ராசஸரை அதிகாரபூர்வமா ஏத்துக்காது. அதனால பேங்க் வேலை எதையும் அதுல பண்ணாதேன்னு சொல்லிட்டேன்.

ரிப்பேருக்கு என் வரம்பு இது: அதே மாதிரி மிஷின் இன்னைக்கு செகண்ட் ஹேண்ட்ல என்ன விலையோ, அதுல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா நிறுத்திடுங்க. "ஏற்கெனவே இவ்வளவு போட்டாச்சே"ன்னு யோசிக்காதீங்க. போட்டது போனதுதான். இனிமே போடப்போறதுதான் கணக்கு.

அந்த மிஷினுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைச்சாலே போதும். இஎம்ஐயா கட்டியிருக்க வேண்டிய அதே 4,330 ரூபாயை இப்போ மாசாமாசம் ஆர்டில போடறான். 12 மாசத்துல 51,960 ரூபாய், வட்டி தனி. லேப்டாப்பைக் கையில காசோட போய் வாங்கலாம். நடுவுல மிஷின் படுத்துட்டாலும், சேர்ந்த பணம் போக மிச்சத்துக்கு மட்டும்தான் கடன்.

கழட்டி மாட்டறதை நம்ம சேனல் வீடியோல காட்டியிருக்கேன். உங்க வீட்டு மிஷின் எந்த ஸ்டெப்ல பிழைச்சுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. முக்கியமா, "மதர்போர்டு போச்சு"ன்னு யாராவது சொன்னா, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தக் கேள்விக்கு ஜிஎஸ்டி கிடையாது.