தெருவா, முற்றமா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வருகிறது. அதற்கு 14 மீட்டர் முன்னால், பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது. ஓட்டுநர் அதைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 8.3 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலை, நல்ல பிரேக். வேகம் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் குறைகிறது என்றால், மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். குழந்தை பிழைத்தது.

அதே கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால்? ஒரு விநாடியில் அது கடக்கும் தூரம் 13.9 மீட்டர்! ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும்போதே கார் குழந்தையை எட்டிவிடுகிறது. வேகமோ சற்றும் குறையவில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? கூடியது 20 கிலோமீட்டர்தான். ஆற்றல் ஏறக்குறைய 2.8 மடங்காகிவிட்டது.

இந்தக் கணக்குக்கு நெதர்லாந்து மக்கள் பெரிய விலை கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே கார்கள் பெருகின. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மறு ஆண்டு, தம் மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர், 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று எழுதினார். அந்தப் பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. பெற்றோரும் பிள்ளைகளும் தெருவை மறித்து நின்றார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நவம்பர் 4 முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை! நெடுஞ்சாலைகளில் சைக்கிள்கள் உலா வந்தன.

டெல்ஃப்ட் என்னும் ஊரில் இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு சோதனை தொடங்கியிருந்தது. அதன் பெயர் 'வோனெர்ஃப்'. குடியிருப்பு முற்றம் என்று சொல்லலாம். அங்கே நடைபாதை வேறு, வண்டிப்பாதை வேறு என்ற பிரிவு கிடையாது. தரை முழுவதும் ஒரே மட்டம். நடுநடுவே மரங்கள், பெஞ்சுகள். வழி நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். கார் வரலாம், ஆனால் விருந்தாளிபோல மெல்ல வரவேண்டும். அகலமாக, நேராகச் சாலை போட்டுவிட்டு 'மெதுவாகச் செல்க' என்று பலகை நட்டால் யார் கேட்கிறார்கள்? வளைவும் மரமும் சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். 1976-இல் இத்தகைய தெருக்களுக்குச் சட்டமே வந்தது. தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், குழந்தைகள் விளையாடலாம். வண்டிகள் நடை வேகத்தில்தான் செல்லலாம் என்று அன்றைய விதி இருந்தது.

2023-இல் அந்நாட்டில் சாலையில் இறந்தோர் 684 பேர். இந்தக் குறைவு முழுவதும் தெருவின் அமைப்பால் வந்ததல்ல. இருக்கைப் பட்டைக்கும் நல்ல மருத்துவத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனால் இன்று அங்கே மக்கள்தொகையைவிடச் சைக்கிள்கள் அதிகம். நிதானமான தெரு இல்லாமல் அது நடந்திருக்குமா?

பள்ளி மைதானத்தில் 14 மீட்டரை அளந்து கோடு போட்டுப் பாருங்கள். பிறகு, மழையில் நனைந்த சாலையில் வேகக் குறைவு 7-க்குப் பதில் 4 என்று வைத்துக் கணக்கிடுங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த அந்த முதல் கார் இப்போது எங்கே நிற்கும்?