உங்களுக்குத் தெரியுமா? மூச்சு முட்ட வைக்கும் எல்க் வேட்டை!

அமெரிக்காவிலேயே எல்க் மான்கள் அதிகம் திரிவது கொலராடோ மலைகளில்தான். இரண்டரை லட்சத்துக்கும் மேலே! ஃப்ளோரிடா, லூசியானா, டெக்சாஸ் என்று கடலோரத்து வேட்டைக்காரர்களெல்லாம் செப்டம்பர் பிறந்தால் கிளம்பிவிடுகிறார்கள். மான் பிடிபடுகிறதோ இல்லையோ, இவர்களை மலை பிடித்துக்கொள்கிறது!

ஃப்ளோரிடாவின் மிக உயரமான இடம் பிரிட்டன் ஹில். வெறும் 345 அடி! கொலராடோவின் மிகத் தாழ்வான இடமே 3,315 அடி! வேட்டைக்காரர்கள் கூடாரம் அடிப்பதோ 10,000 அடியில்!

கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான்! குறைவது அழுத்தம். 10,000 அடியில் நெஞ்சு நிறைய இழுத்தாலும், கீழே கிடைப்பதில் 70 சதவீதம்தான் உள்ளே போகும்!

மாரத்தான் ஓடுபவருக்கு மலைநோய் வராது என்று யார் சொன்னது? உடல் கட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! 2,500 மீட்டரைத் தாண்டினால் யாருக்கும் வரலாம். தலைவலி, குமட்டல். அதுவும் போய்ச் சேர்ந்த உடனே அல்ல, 6 முதல் 12 மணி நேரம் கழித்து!

இந்த நோயை அலசிய புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நம் இந்திய ராணுவ டாக்டர்களுடையது! சமவெளியிலிருந்து இமயமலைக்குப் போய்ப் படுத்துவிட்ட 1,925 வீரர்களைக் கவனித்து எழுதினார்கள். வெளியான ஆண்டு 1969! இது எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்!

கறுப்பு மாஸ்க் மாட்டிக்கொண்டு ஜிம்மில் 'உயரப் பயிற்சி' செய்கிறார்களே, அது மூச்சை இறுக்குமே தவிர, மலைக்காற்றைக் கொண்டுவந்துவிடாது. காசுக்குப் பிடித்த கேடு!

மலையே இல்லாத ஊரில் எங்கே ஏறிப் பழகுவது? ஸ்டேடியம் கேலரிப் படிகளில்! பல மாடி கார் பார்க்கிங்கில்! முதுகுப் பையில் மணல் மூட்டையோடு! மறுநாள் தொடை கெஞ்சுகிறதா? ஏறியதைவிட, இறங்கியதுதான் காரணம்!

கூடாரத்தில் முதல் ராத்திரி. பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு திடீரென்று நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று... நீங்கள் பதறிப்போய் டார்ச்சைத் தேடுவதற்குள் 'ஹக்' என்று இழுத்து மறுபடி ஆரம்பிக்கும். விடிய விடிய இதே கூத்து! உயரத்தில் இது சர்வ சாதாரணம்!

அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா? சந்தோஷப்படுங்கள்! உடம்பு உயரத்துக்குப் பழகுகிறது!

ரத்தச் சிவப்பணுவைக் கூட்டும் ஹார்மோனைச் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே சுரக்க ஆரம்பித்துவிடும். அணுக்கள் பெருகவோ வாரக்கணக்கில் ஆகும். வேட்டைக்காரருக்குக் கிடைக்கும் லீவு? பெரும்பாலும் ஒரே வாரம்!

ஏறுவதற்கு முன் டென்வரில் ஓரிரு இரவு தங்கினால் உடம்பு சொன்னபடி கேட்கும். சரியாக ஒரு மைல் உயரத்து ஊர் அது! எந்த இடத்தில் ஒரு மைல்? மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் 15ஆவது படி என்றார்கள். 1969இல் அளந்து 18ஆவது படி என்றார்கள். 2003இல் மறுபடி அளந்து 13ஆவது படிக்கு இறக்கிவிட்டார்கள்! ஒரே வாசலில் மூன்று 'ஒரு மைல்'!

10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும்! கொதிக்கும், ஆனால் அரிசி வேக அதிக நேரம் பிடிக்கும்!

கடலோரத்தில் குறி சரிபார்த்த துப்பாக்கி, மலையில் தொலைதூர இலக்குக்கு மேலே சுடும்! காற்று லேசு, குண்டுக்குத் தடை குறைவு!

முழு வளர்ச்சி பெற்ற ஆண் எல்க்கின் எடை சுமார் 320 கிலோ! உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே வீணாக விட்டுவந்தால் கொலராடோவில் குற்றம். எலும்பைக் கழித்தாலும் தேறுவது ஏறக்குறைய 90 கிலோ. கூட ஆள் இல்லையென்றால் வண்டி நிற்கும் இடத்துக்கும் மலைக்குமாக, குறைந்தது 4 நடை!