ஜீப்பின் அடிவயிறு

கடிதம் கற்பிட்டிப் பக்கத்து உச்சமுனைத் தீவிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் கட்டாரில் பதினொரு வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். உம்மா, மனைவி, நான்கு பிள்ளைகள் என்று வீட்டில் ஏழு பேர். எல்லோரும் ஒன்றாக ஏறிப் போக ஒரு பெரிய ஜீப் வாங்க வேண்டும். புதிதா, பாவித்ததா என்று கேட்கிறார். கூடவே நான்கு படங்கள். கொழும்புப் பக்கம் விற்பனைக்கு நிற்கும் வெள்ளை பிராடோ ஒன்றை முன்னால், பின்னால், பக்கவாட்டில், உள்ளே என்று எடுத்தவை. வாகனம் பளபளக்கிறது.

எந்த மாடலுக்கு எத்தனை சீசீ, எது பெற்றோல், எது டீசல் என்பதையெல்லாம் அவரே விசாரித்து முடித்துவிட்டார். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது: 'உச்சமுனைக்குப் படகில் போய்விடுவோம், ஜீப்பைக் கற்பிட்டியில் களப்போரம் மச்சானின் வளவில் விடலாம்.'

அந்த வளவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கூப்பிடு தூரத்தில் கடல். மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க இங்கே வருகிறார்கள். அதே காற்று கடல்நீரைத் தூளாக்கி வேலி, கூரை, ஆணி எல்லாவற்றிலும் பூசிவிட்டுப் போகும்.

முதலில் விலையைப் பேசி முடித்துவிடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்கிய விலையைவிடக் கூடுதலாக விற்றவர்கள் ஏராளம். இப்போது புதிதாக வருவனவற்றின் வரி எஞ்சின் கொள்ளளவோடு சேர்ந்து ஏறுகிறது. ஆகவே பெரிய ஜீப் என்றால் புதிதோ பழையதோ கோடிக் கணக்குத்தான். 2022 ஓகஸ்டில் கியூஆர் அட்டையோடு பெற்றோல் செட்டில் வரிசையில் நின்றதையும் மறந்துவிட வேண்டாம். காருக்கும் ஜீப்புக்கும் வாரத்துக்கு 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் ஒரு பெரிய ஜீப் கற்பிட்டியிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி வராது. ஏழு பேரை ஏற்றுவதுதான் ஒரே தேவை என்றால் நல்ல வேன் ஒன்று போதும், அதிலே இடமும் கூட. மணலும் சேறும் உள்ள பாதையில் அடிக்கடி போகிறவருக்கே ஜீப் தேவை. கடிதம் எழுதியவர் மழைக்காலத்திலும் எலுவன்குளம் பக்கத்து உறவினர் வீடுகளுக்குப் போகிறவராம். அவருக்குத் தேவை இருக்கிறது. அவர் கையில் உள்ள பணத்துக்குப் பாவித்ததுதான் சரி என்பது என் முடிவு. பணம் முழுவதையும் புதியதில் கொட்டிவிட்டுப் பராமரிக்க வழியில்லாமல் நிற்பதைவிட, அடிப்பக்கம் சுத்தமான பழையது நூறு மடங்கு மேல்.

அந்த அடிப்பக்கத்தைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

காரின் உடலே அதன் எலும்புக்கூடு. பிராடோ, லேண்ட் குரூசர், பட்ரோல் போன்றவை அப்படியல்ல. அடியில் ஏணி ஒன்றைப் படுக்கப் போட்டதுபோல இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். அதுதான் செசி. எஞ்சின், சில்லு, மேலே இருக்கும் கூடு எல்லாம் அதன்மேல் பூட்டியவை. மொன்டெரோ கொஞ்சம் வேறு சாதி: 1999க்குப் பிறகு வந்த மாடல்களில் செசியும் கூடும் ஒன்றாகவே ஒட்டியிருக்கும். மொன்டெரோ ஸ்போர்ட் மறுபடி ஏணி.

இந்த நீண்ட தண்டுகள் உள்ளே வெறுமையானவை, பெட்டிபோல. நீர் வடிவதற்கு அங்கங்கே அடியில் துளைகள் இருக்கும். அந்தத் துளைகள் வழியாகவும் பக்கத் துளைகள் வழியாகவும் சில்லு வாரி இறைக்கும் உப்புமணலும் சேறும் உள்ளே போகும், போனது அங்கேயே தங்கும். வெளியே கறுப்பு வர்ணம் அப்படியே இருக்க, உள்ளே இருந்து இரும்பு அழிந்துகொண்டு வரும்.

ஏன் அந்த மண் ஒருநாளும் காய்வதில்லை? இதைச் சின்ன வயதில் வாப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார், ஜீப்பைப் பற்றியல்ல, உப்பைப் பற்றி. அவர் புத்தளம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படியும், பிறகு நாம் சாப்பிடும் உப்பு படியும். கடைசியில் வாயில் வைக்க முடியாத அளவு கசக்கும் நீர் கொஞ்சம் மிஞ்சும். அந்தக் கசப்பு மக்னீசியத்தால் வருவது. அந்த நீரை வடித்துவிட வேண்டும், வடிக்காவிட்டால் அந்த உப்பு எந்த வெயிலிலும் காயாது என்பார். வீட்டில் உம்மாவின் உப்புச்சாடி மாரியில் கசிந்து நிற்கும்போதெல்லாம் 'கசப்பை நல்லா வடிக்கல்ல' என்று அதைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

பள்ளியில் இரசாயனவியல் படித்தபோதுதான் அதற்குக் கணக்கு இருப்பது தெரிந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் உச்சிவெயிலில்கூட காற்று அவ்வளவு வறண்டு போவதில்லை. கடல்நீரில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. சமையலறைக்கு வரும் உப்பில் உப்பளத்தார் கசப்பை வடித்து அனுப்புகிறார்கள். செசிக்குள் போன கடல் உப்பிலிருந்து அதை வடித்துவிட யாரும் இல்லை. அதனால் அது இரவும் பகலும் காற்றிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடக்கிறது. மழையே பெய்யாத ஓகஸ்ட் மாதத்தில், ஓடாமல் நிறுத்தி வைத்த ஜீப்புக்குள் துரு நடக்கிறது.

இன்னொரு விநோதமும் உண்டு. துருவுக்கு ஒட்சிசன் வேண்டும் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் காற்று நன்றாகப் படும் இடம்தானே முதலில் அழிய வேண்டும்? நடப்பது நேர் எதிர். மண் அப்பிக் காற்றுக் குறைந்த இடத்து இரும்பு கரைகிறது, காற்றுப் படும் பக்கத்து இரும்பு தப்பிக்கிறது. இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் ஓட, நடுவே இருக்கும் உப்புநீர் கம்பியின் வேலையைச் செய்கிறது. ஒரே தண்டில் ஒரு பக்கம் மறுபக்கத்துக்கு இரையாகிறது. அதனால்தான் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் இடுக்கு, ஒட்டுவேலை செய்த ஓரம், சேறு தேங்கும் மூலை ஆகிய இடங்களில் துரு ஆழமாகப் போகிறது. துரு பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு பருமனானது. ஊதிப் பெருத்துத் தட்டுத்தட்டாகக் கழன்று கீழே விழும். விழுந்தது வடிகால் துளையை அடைக்கும். அடைத்ததும் இன்னும் ஈரம் தேங்கும்.

இது நம் ஊரின் தொல்லை மட்டுமல்ல. அமெரிக்காவின் பனி மாநிலங்களில் வீதியில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுகிறார்கள். அங்கே டொயோட்டாவின் டகோமா, டுண்ட்ரா என்ற பிக்கப்புகளிலும் செகோயா என்ற முழு அளவுக் குடும்ப ஜீப்பிலும் செசி துருப்பிடித்து வழக்கு நடந்தது. 2016இல் அந்தக் கம்பனி 340 கோடி டொலர் வரை செலவாகக்கூடிய இணக்கத்துக்கு வந்தது. சம்பந்தப்பட்ட வாகனங்கள் சுமார் 15 லட்சம். ஜப்பானிலும் பனிப் பகுதிகளில் வீதிக்கு உப்பு போடுவதுண்டு. நமக்கு வரும் ரீகண்டிஷன் வாகனங்களில் சில அங்கே ஓடியவை. ஆகவே ஜப்பான் ஏலத்தாளைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதில் வாகனத்தின் படத்தின்மேல் எழுத்துகள் குறித்திருப்பார்கள். 'ஏ' என்றால் கீறல், 'யு' என்றால் நெளிவு. எல்லோரும் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். 'எஸ்' என்றால் துரு, 'சி' என்றால் அரிப்பு. நமக்கு முக்கியம் இந்த இரண்டும். தாள் தரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

தாளைவிட உறுதியானது கை. ஒரு சின்னச் சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் கொண்டு போங்கள். வாகனத்தைக் குழியுள்ள கராஜுக்கோ லிஃப்ட் உள்ள சேவிஸ் ஸ்டேஷனுக்கோ கொண்டுபோய்ப் பார்ப்பது நல்லது. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. செசியின் இரண்டு தண்டுகளையும் முன்னிருந்து பின்வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். தேங்காய் பொறுக்கப் பழகிய நம் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே இற்றுப்போன இடத்தில் சத்தம் அமுங்கிப் போகும். அமுங்கிய இடத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உரிமையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், கோடி ரூபாய் உங்களுடையது.

அடிப்பக்கம் முழுவதும் புத்தம்புதிதாகத் தார்போல கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். என் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை வாங்கினார். அடிப்பக்கம் கண்ணாடிபோல மின்னியதைக் காட்டி விற்றவர் பெருமைப்பட்டாராம். ஏழாவது மாதம் பின்சில்லுக்கு மேலே பூச்சு கொப்புளமாக எழும்பியது. கராஜ் பாஸ் விரலால் குத்தியபோது விரல் உள்ளே போயிற்று. துருவின்மேல் பூசிய பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், வெளியே விடாது. ஒரு குடும்பமே இருந்து போகும் வாகனத்தில் இப்படிச் செய்வதை வியாபாரத் தந்திரம் என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

காகிதத்தைப் பற்றி ஒரு சொல். பெயர் மாற்றாமல், திகதி போடாத கையெழுத்தோடு கைமாறும் 'ஓப்பன் பேப்பர்' வாகனம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். லீசிங் கடன் மிச்சம் இருக்கிறதா என்பதைப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் யார் என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

நான்கு சில்லும் இழுக்கும் வசதியை ஓட்டிப் பார்க்காமல் யாரும் வாங்கக் கூடாது. பெருந்தொகை கொடுப்பது அதற்காகத்தான். மணல் தரையில் நிறுத்தி உயர் கியரிலும் தாழ் கியரிலும் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்காகப் போடாமலே விட்டதால் இறுகிப்போன கியர்ப் பெட்டிகளைப் பல ஜீப்புகளில் பார்த்திருக்கிறேன். வாங்கிய பிறகும் மாதம் ஒருமுறையாவது மணலில் கொஞ்ச தூரம் அதைப் போட்டு ஓட்டுங்கள். நடு டிஃபரன்ஷியல் இல்லாத மாடல்களில் பாலாவி - கற்பிட்டித் தார் வீதியில் அதைப் போடக் கூடாது: வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட நீண்ட வட்டத்தில் போக வேண்டும், இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிவிட்டால் மணல் வழுக்கி இடம் கொடுக்கும், தார் கொடுக்காது. முறுக்கம் முழுவதும் உள்ளே இருக்கும் பற்சில்லுகளில் ஏறும்.

வாங்கிக்கொண்டு வந்த பிறகு நடப்பதுதான் எனக்கு மனவருத்தம். உச்சமுனையில் எந்தப் படகுக்காரரையும் கவனியுங்கள். கடலுக்குப் போய் வந்தால், மீன் விற்றாரோ இல்லையோ, வெளியிணைப்பு எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாவில் முக்கி ஓடவிட்டு உப்பைக் கழுவுவார். அந்த மணல் தீவில் நல்ல தண்ணீர் எவ்வளவு அருமை என்று தெரிந்தும் கழுவுவார், ஏனென்றால் அந்த எஞ்சின்தான் சோறு. அதைவிடப் பல மடங்கு விலையான ஜீப்பைக் கண்டக்குழிக் கரையில் அலை நுரைக்குள் ஓட்டி, படம் எடுத்து, அப்படியே வீட்டில் கொண்டுபோய் விடுகிறவர்களைப் பார்க்கிறேன். மேல்பக்கத்துக்கு மெழுகு பூசுவார்கள். அடிக்கு ஒரு வாளித் தண்ணீர் இல்லை. அந்தச் சில்லுகள் அடம்பன் கொடியையும் அறுத்துவிட்டுப் போகின்றன. மணல்மேட்டைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். கடற்கரை ஓட்டப் பந்தயத் திடல் அல்ல. ஜீப்புக்கும் அது நல்லதல்ல, கரைக்கும் நல்லதல்ல.

கழுவும்போது கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கற்பிட்டியில் நல்ல தண்ணீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது; தோட்டங்களுக்கு மோட்டர் வைத்து இறைக்க இறைக்கப் பல கிணறுகள் உவர்த்துவிட்டன. உவர்நீரால் கழுவினால் உப்பின்மேல் உப்பு. மழைநீரைச் சேர்த்து வைத்த தொட்டி இருந்தால் அதுவே சிறந்தது. குழாயைச் செசியின் பக்கத் துளைக்குள் விட்டு, அடித்துளையில் கலங்கல் இல்லாமல் தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்தி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சுங்கள். மச்சானின் வளவில் களப்புப் பக்கம் விடாமல், வீட்டுக்குப் பின்னே காற்று மறைவில் விடுங்கள். ஈரமண்ணிலோ புல்லிலோ வேண்டாம், சீமெந்துத் தரையில்.

தம்பி, நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் பார்த்தேன். வாகனத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. முற்பணம் கொடுக்க முன்னர் இன்னும் இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். பின் அச்சுக்கு மேலே செசித் தண்டு வளைந்து ஏறும் இடம், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. டோர்ச் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும்.