கைக்குழந்தையோடு வெளிநாட்டுப் பயணம்: எந்த ஊர், எந்த மாதம்?



நோன்புப் பெருநாள் முடிந்து பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும் நேரத்தில் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. "பிள்ளைகளோடு உம்ராவுக்குப் போகலாமா?" "மலேசியாவில் மாமா கூப்பிடுகிறார், போய் வரலாமா?" "துபாயில் இருக்கும் அத்தா விசிட் விசா எடுக்கிறேன் என்கிறார், இப்போது போகலாமா?" காலாப்பட்டிலும் சுற்று வட்டாரத்திலும் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத வீடுகள் குறைவு. ஆகவே இந்தக் கேள்விகளை ஆடம்பரம் என்று நாங்கள் தள்ளுவதில்லை. உறவைச் சேர்ந்து நடப்பதும், அத்தாவின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதும் தேவையான காரியங்களே. ஆனால் ஊரையும் மாதத்தையும் தேர்வு செய்வதில் பெரியவர்களின் ஆசையும் டிக்கெட்டின் விலையும் முந்திக்கொள்கின்றன. பிள்ளையின் உடம்பு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், சலுகை விலை என்று ஜூலை மாதத்தில் உம்ரா புறப்பட்டது. பதினொரு மாதக் குழந்தை, மூன்று வயதுப் பையன், கூடவே நன்னி. ஹரம் ஷரீஃபுக்குப் பக்கத்திலேயே ஹோட்டல் என்று அழைத்துச் சென்றவர் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர். ஒவ்வொரு வக்துக்கும் வெயிலில் நடை. மூன்றாம் நாள் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் தொடங்கி, உடம்பில் நீர் வற்றி, இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று நலமாக ஓடி விளையாடுகிறது. தாய் மட்டும், "கஅபாவை நிம்மதியாக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை" என்று இங்கு வந்து அழுதுவிட்டார்.

ஆகவே உம்ராவிலிருந்தே தொடங்குகிறோம். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டிக் கேட்டபோது, அதற்கும் ஹஜ் உண்டு, அவளுக்கும் கூலி உண்டு என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. விவரம் தெரியாத குழந்தைக்காகப் பொறுப்பாளர் நிய்யத் வைக்கிறார். ஆனால் பருவ வயதுக்கு முன் செய்த ஹஜ்ஜால் பிற்காலத்தின் கடமை நிறைவேறாது. அதனால் கைக்குழந்தையை இப்போதே கொண்டுபோயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை. ஹஜ்ஜைப் பொறுத்தவரை, 2025-இல் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெயில் 50 டிகிரியைத் தாண்டி, 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம்.

மே விடுமுறையில் உம்ரா என்று திட்டமிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹஜ் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2024-இல் ஜூன் நடுவில், 2025-இல் ஜூன் தொடக்கத்தில், 2026-இல் மே கடைசியில். ஹஜ்ஜுக்குச் சில வாரங்களுக்கு முன்பே உம்ரா விசாவில் நுழைவதை நிறுத்திவிடுகிறார்கள். 2025-இல் ஏப்ரல் 13-தான் கடைசி நாள். ஆக இன்னும் சில ஆண்டுகளுக்கு மே விடுமுறையும் உம்ராவும் ஒத்துப்போகாது. ஜூலை, ஆகஸ்டில் வழி திறந்திருக்கும், ஆனால் வெயில் 40-க்கு மேல். ரமலானில் கூட்டம் கட்டுக்கடங்காது. எங்கள் எண்ணத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களே பிள்ளைகளுக்கு ஏற்றவை. பள்ளிக்கூடம் சேராத பிள்ளை என்றால் அரையாண்டு விடுமுறைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. அந்த விடுமுறை முடிந்ததும் போனால் கட்டணமும் குறையும். மதீனாவில் அப்போது இரவில் நல்ல குளிர் இருக்கும். இங்கே நாம் ஸ்வெட்டர் போடுவதே இல்லை என்று வெறுங்கையோடு போய்விடாதீர்கள்.

ஸஃபா மர்வா ஏழு நடை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். மூன்று வயதுப் பிள்ளை அதை நடக்காது, தூக்க ஆள் வேண்டும். தள்ளுவண்டியைக் கஅபாவை ஒட்டிய தரைத்தளத்தில் விடுவதில்லை, மாடித் தளங்களில்தான் தள்ள முடியும். தவாஃபும் ஸஃயும் ஒரே மூச்சில் குடும்பமாக முடிக்க நினைக்காமல், ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மற்றவர் முடித்து வருவதே நலம். பிள்ளையின் கையில் ஒரு பட்டையைக் கட்டி அத்தாவின் சவூதி செல்பேசி எண்ணை எழுதி வையுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டால் குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம் என்பதால் இன்னும் முன்னதாகவே போட்டுவிடுவது நல்லது.

இனி உறவைப் பார்க்கவும் ஊரைப் பார்க்கவும் போகும் பயணங்கள். இதில் நாங்கள் முதலில் கேட்பது விமான நேரத்தையும் கடிகார வித்தியாசத்தையும். காலாப்பட்டிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறது. அதன் பிறகுதான் மற்றது. கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம், கடிகாரமும் மாறாது. கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரம், கடிகாரம் இரண்டரை மணி முன்னே. ஜித்தாவுக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரம், கடிகாரம் இரண்டரை மணி பின்னே. விலை குறைவு என்று நடுவில் ஓர் ஊரில் ஏழெட்டு மணி நேரம் காத்திருக்கும் டிக்கெட்டை எடுப்பவர்கள், அந்த நிலையத்தில் பால், சாப்பாடு, பிள்ளையின் அழுகை எல்லாவற்றுக்கும் கொடுக்கும் விலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட் போதும். ஆனால் போகும்போது இரண்டு நிறையாமல், திரும்பும்போது நிறைந்துவிட்டால் திரும்பும் வழிக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுத்தால் காதுவலி அடங்கும்.

சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நாங்கள் பினாங்கைச் சொல்வோம். இது எங்கள் விருப்பம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடையநல்லூர், தென்காசி, நாகூர் பக்கத்து முஸ்லிம்கள் பல தலைமுறையாக வாழும் ஊர். 1800-களின் தொடக்கத்தில் நம்மவர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஜார்ஜ் டவுனின் நடுவில் நிற்கிறது. அதைச் சுற்றிய தெருக்களில் தமிழில் கேட்டாலே வழி சொல்வார்கள். நாசி கண்டார் கடையில் வெறும் சோறும் காரமில்லாத குழம்பும் கேட்டால் பிள்ளைக்குக் கிடைக்கும். ஹலாலா என்று ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்காமல், அரசின் ஜாக்கிம் முத்திரையைப் பார்த்து வாங்கலாம். பினாங்கு மலைக்கு 1923-இலிருந்து ஓடும் இழுவை ரயில் உண்டு. பிள்ளைகளுக்கு அது போதும், வேறு எதையும் கேட்க மாட்டார்கள். இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. ஆனால் புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக.

இலங்கை இன்னும் கிட்டே. மொழி பிரச்சினையே இல்லை. கொழும்பு புறக்கோட்டையில் 1908-இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசலின் வரிவரியான சுவரைப் பிள்ளைகள் மிட்டாய் என்பார்கள். நுவரெலியா மே மாதத்திலும் குளுமையாக இருக்கும். மலைப்பாதையில் கார் வளைந்து வளைந்து போவதால் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், ரயிலில் போவது நல்லது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை கப்பலைப் பற்றியும் கேட்கிறார்கள். கடல் அலைச்சலுக்குக் கைக்குழந்தை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சிங்கப்பூருக்கு விசா வேண்டும், செலவும் கூடுதல். தங்க உறவினர் வீடு இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்படிப் போனால் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் சூலியா முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ பள்ளியில் ஒரு வக்தாவது தொழுதுவிட்டு வாருங்கள்.

பிரான்சில் உறவுள்ள குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. ஷெங்கன் விசாவுக்கு 6 வயது நிறையாத பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, பெரியவர்களுக்கு 90. நீண்ட பயணம் என்பதால் பிள்ளை கொஞ்சம் வளர்ந்த பிறகு போகலாம். வளைகுடாவில் வேலை செய்யும் அத்தாமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குடும்பத்தை அழைத்தால், நீங்கள் வேலைக்குப் போன பிறகு அவர்கள் நாள் முழுவதும் ஏ.சி. அறையில் அடைந்து கிடப்பார்கள். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் அழையுங்கள்.

எங்களிடம் வரும் சிக்கல்களில் பாதி ஊரைப் பற்றியது அல்ல, பெயரைப் பற்றியது. நாம் பிள்ளைக்கு ஒற்றைப் பெயர் வைத்து முன்னால் ஓர் எழுத்தைச் சேர்க்கிறோம். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து நிற்காது, விரித்து எழுத வேண்டும். சிலர் சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருபவர்களை ஐக்கிய அமீரகம் ஏற்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் அத்தாவின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள் என்றாலும், விமான நிலைய கவுண்டரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இதை விளக்கிக்கொண்டு நிற்பது யாருக்கும் வேண்டாம். பெயர் கட்டத்தில் பிள்ளையின் பெயர், சர்நேம் கட்டத்தில் அத்தாவின் பெயர் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். தந்தையின் பெயரால் அழைப்பது நம் மார்க்கத்துக்கும் இசைவானது.

2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். அதில் குழந்தையின் பெயர் ஏறாமலே இருக்கும் வீடுகள் பல. பதிவு செய்த ஓர் ஆண்டுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுதான் செல்லும் என்பதையும், பல நாடுகள் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்று கேட்பதையும் சேர்த்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் வேண்டும்.

பெட்டி கட்டும்போது ஒரே ஓர் எச்சரிக்கை. நன்னிமார்கள் அரைத்துக் கொடுக்கும் குருமா மசாலாவில் கசகசா இருக்கும். வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும், சிறைக்குப் போனவர்களும் உண்டு. பிள்ளைக்கான இருமல் மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுத்துச் செல்லாதீர்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்தாவது கைப்பையில் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நகையை வட்டிக்கு அடகு வைத்துச் சுற்றுலா போவதற்கும், ஏன், உம்ராவுக்குப் போவதற்கும்கூட நாங்கள் ஆலோசனை சொல்வதில்லை. நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் மட்டுமே. கேட்டு வந்து மனம் வருந்திப் போனவர்கள் எங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட் படிவம் நிரப்புவதற்கும் பெயர் திருத்தம் பார்ப்பதற்கும் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், ஆதார் ஆகியவற்றின் அசலும் நகலும் கொண்டு வாருங்கள். அத்தா வெளிநாட்டில் இருந்தால் அவர் எந்த நேரத்தில் போனில் கிடைப்பார் என்று கேட்டுவிட்டு வரவும்.