கருவியும் கையும்

"ஐந்து விரலும் ஒன்றாக இருப்பதில்லை" என்பது நம் நாட்டிற் பாமரரும் அறிந்த பழமொழி. மாந்தரின் வலிமையும் அறிவும் குணமும் பலதிறப்பட்டன என்பதை விளக்க இதனை வழங்குவர். இதன் உண்மையை மறுப்பார் எவருமிலர். ஆயினும், மக்கள் பயன்படுத்தற்பொருட்டு இயற்றப்படும் கருவிகள் பலவற்றை நோக்குங்கால், அவற்றை இயற்றினோர் இப்பழமொழியை அடியோடு மறந்தனரோ என்று ஐயுறவேண்டியிருக்கிறது. கூரிய பார்வையும், நன்கு கேட்கும் செவியும், நடுங்காத விரலும், ஆங்கில எழுத்தறிவும் உடைய ஓர் இளைஞனையே உள்ளத்திற்கொண்டு அவை அமைக்கப்படுகின்றன. அவ்விளைஞன் அல்லாத பிறர் அக்கருவியின் முன் நிற்கும்போது நிகழ்வது யாது? எல்லார்க்கும் ஏற்ற கருவியை அமைப்பது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியின் வாழ்க்கையை முன்வைத்து ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பகுதி வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் நீர் ஓடும் நாள் சில. மணல் காயும் நாள் பல. கரிசலிற் பருத்தியும் கம்பும் சோளமும் மல்லியும் விளைவிப்போர், தரிசுகளிற் சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்போர், தறியில் அமர்ந்து நெய்வோர் ஆகியோர் இங்கு மிகுதி. இவர்கள் அனைவரும் கையால் உழைப்போர். வெடித்த பருத்திக்காயின் முனை விரலைக் கீறும். களைக்கொட்டின் காம்பு உள்ளங்கையைக் காய்க்கச் செய்யும். முள்ளும் கரியும் தோலைத் தேய்க்கும். அறுபது ஆண்டு இங்ஙனம் உழைத்த ஒரு மூதாட்டியின் கை எத்தகையது என்பதைக் கிராமங்களிலிருந்து வந்து பயிலும் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவரவர் பாட்டிமாரின் கையே சான்று.

அம்மூதாட்டி அரிசி வாங்க நியாயவிலைக் கடைக்குச் செல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகை கொண்டு ஆளை அறியும் முறை 2020-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. கருவியின் கண்ணாடிமேல் விரலை வைக்கவேண்டும். ரேகை ஆதார்ப் பதிவோடு ஒத்திருப்பின் பொருள் வழங்கப்படும். ஒருவர் பெயரால் மற்றொருவர் பொருள் பெறுவதைத் தடுப்பதே இதன் நோக்கம். நோக்கம் நன்றே. ஆனால் கருவியின் இயக்கத்தைச் சிறிது ஆராய்ந்தால் இடர் எங்கே பிறக்கின்றது என்பது புலனாகும்.

இத்தகைய கருவிகள் பலவும் ஒளியால் இயங்குவன. விரலின் தோலில் மேடும் பள்ளமுமாய் வரிகள் உள. உள்ளிருந்து எழும் ஒளி கண்ணாடியின் மேற்பரப்பை அடையும்பொழுது, பள்ளம் உள்ள இடத்தில் இடையே காற்று நிற்பதால் முழுதும் திரும்பிவிடும். மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் அங்ஙனம் திரும்பாது. பௌதிகம் பயில்வோர் இதனை முழு அகப் பிரதிபலிப்பு என்று கற்றிருப்பர். ஆகவே மேடுகள் கருங்கோடுகளாகத் தோன்றும். இளைஞரின் தோல் ஈரமும் நெகிழ்ச்சியும் உடைமையால் கண்ணாடியோடு நன்கு பொருந்துகின்றது. முதியோரின் தோலோ உலர்ந்து விறைத்தது. உழைப்பினால் மேடுகளும் தேய்ந்திருக்கும். அந்நிலையிற் கோடுகள் அறுந்து வெறும் புள்ளிகளாகக் காணும். கருவியும் "பொருந்தவில்லை" என்று தள்ளிவிடும். கிழவி விரலைச் சேலைத் தலைப்பால் அழுந்தத் துடைத்து மீண்டும் வைப்பாள். துடைத்ததனால் இருந்த சிறிது ஈரமும் போய்விடும்.

"உங்களுக்கு ரேகை விழவில்லை, பாட்டி" என்று கடையிலிருப்பவர் இரக்கத்தோடேயே கூறுவார். எனினும் அச்சொல் குறையைப் பாட்டியின்மேல் ஏற்றுகின்றது. யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விழைவது இதன் மறுதலையே: குறை கருவியின்பாலது; கையின்பாலதன்று. நெடுநாள் உழைத்த கைகள் இந்நாட்டில் கோடிக்கணக்கில் உள்ளன என்பது கருவி செய்வோர் முன்னரே அறியத்தக்க செய்தி. பூட்டு, கள்வனைத் தடுக்கவேண்டும். வீட்டுக்குரியவளையே வாயிலில் நிறுத்துமாயின் அது நல்ல பூட்டு அன்று.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. ஆதார்ப் பதிவிற் பத்து விரல்களின் ரேகையோடு இரு கண்களின் கருவிழியும் முகமும் பதியப்படுகின்றன. ஒரு வழி அடைபடின் மற்றொரு வழி திறக்கலாம் என்பது இதனாற் பெறப்படும். நியாயவிலைக் கடைகளிற் கருவிழியைக் காணும் கருவிகளும் பின்னர் வைக்கப்பட்டன. 2025 ஆகஸ்டு மாதத்தில் மூத்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருள்களை வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்று கொடுக்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. ஒரு செயலுக்கு ஒரே வழியை வைத்தல் ஆகாது என்பது இதிலிருந்து நாம் கற்கும் முதற் பாடம்.

இப்பாடத்தை நம் நாடு முன்னரே நன்கு கற்றதற்கு ஒரு சான்றும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் மக்கட் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேரே. அந்நிலையில் 1951-52-ல் முதற் பொதுத் தேர்தல் நடைபெற்றது. எழுத்தறியாதார் வாக்களிப்பது எங்ஙனம் என்ற வினாவிற்கு விடையாக அமைந்தவை தேர்தற் சின்னங்கள். 'எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வருக' என்று மக்களைத் திருப்பி அனுப்பாமல், மக்கள் அறிந்த மாட்டையும் மரத்தையும் விளக்கையும் கொண்டு தேர்தலை அமைத்தனர். இந்நாளைய மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்திலும் இக்கருத்து விளங்கக் காணலாம். படிப்பவர்க்குப் பெயர், படியாதவர்க்குச் சின்னம், விரலால் தடவி அறிவோர்க்குப் பொத்தானின் அருகே பிரெயில் எண், காண்போர்க்குச் செவ்விளக்கு, கேட்போர்க்கு ஒலி. ஒரு செய்தியே பல புலன்களின் வாயிலாக உணர்த்தப்படுகின்றது. இதனிலும் ஒரு குறை எஞ்சியே நிற்கின்றது. அளித்த வாக்கை உறுதிப்படுத்தும் தாள் கண்ணாடியின் பின்னே ஏழு விநாடி மட்டும் தோன்றும். பார்வையற்றவர்க்கு அதனாற் பயனில்லை. பின்னர்ச் சேர்க்கப்பட்ட உறுப்பு முதலில் இருந்த ஒழுங்கைக் கைவிட்டது எனலாம். எல்லார்க்கும் ஏற்றதாக்குதல் ஒருநாளில் முடிந்துபோகும் வேலையன்று. ஒவ்வொரு புதுமையிலும் மீண்டும் கருதவேண்டுவது.

இரண்டாவது பாடம், கருவி பயன்படுத்துவோரின் வாழ்க்கை முறைக்கு இயைந்திருத்தல் வேண்டும் என்பது. மேல்நாட்டிற் செய்யப்பட்ட செயற்கைப் பாதம், பாதரட்சை அணிந்து நாற்காலியில் அமர்வார்க்கு ஏற்றதாயிருந்தது. நம் நாட்டு உழவனோ வெறுங்காலுடன் வரப்பில் நடப்பவன், குத்துக்காலிட்டு அமர்பவன், சம்மணமிட்டு உண்பவன். அவன் அப்பாதத்தைப் பெற்றும் ஒருபுறம் வைத்துவிட்டுக் கோலூன்றியே நடப்பானாயின், அது நன்றியின்மையன்று. அப்பாதம் அவன் வாழ்க்கைக்குப் பொருந்தாமையே காரணம். ஜெய்ப்பூர் நகரில் 1968-ஆம் ஆண்டளவில், கைவினைஞராகிய இராம் சந்திர சர்மாவும், மருத்துவராகிய பி. கே. சேத்தியும் சேர்ந்து, இரப்பரால் ஒரு பாதத்தை அமைத்தனர். அது நாற்புறமும் வளைந்து கொடுக்கும். ஈரத்திலும் மேடுபள்ளத்திலும் வெறுங்காலாகவே நடக்க உதவும். சிற்பக் கைத்தொழில் அறிந்தவரும் உடற்கூறு அறிந்தவரும் கூடியதனால் விளைந்த நன்மை இது.

மூன்றாவது பாடம் எல்லாவற்றிலும் தலையாயது: குறையை அனுபவிப்பவரே கருவி அமைப்போருள் ஒருவராதல் வேண்டும். பிரான்சு நாட்டு லூயி பிரெயில் மூன்று வயதிற் கண்ணுக்குக் காயமுற்றுப் பின் பார்வையை முற்றும் இழந்தவர். சார்ல்ஸ் பார்பியர் என்பவர் பன்னிரண்டு புள்ளிகளால் ஓர் எழுத்துமுறையை அமைத்திருந்தார். கண்ணுடைய அவர்க்குத் தோன்றாத ஒன்று பிரெயிலுக்குத் தோன்றியது. பன்னிரண்டு புள்ளி விரல்நுனியின் அளவை மிஞ்சிவிடும். ஆறு புள்ளியே ஒரு தொடுதலில் அடங்கும். பதினைந்து வயதில், 1824-ல், அவர் தம் முறையை வகுத்தார். 1829-ல் அது நூலாக வெளிவந்தது. நம் தென்னாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் என்னும் மிஷன் ஊழியர் பார்வையற்றோர்க்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். 1951-ல் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை வகுக்கப்பட்டது.

கரிசற் சீமையிலேயே தோன்றிய ஒருவரையும் இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்று, சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். முடக்குவாத நோயால் அவர்தம் விரல்கள் கோணிப்போயின. பேனாவைப் பிடிப்பதும் அரிதாயிற்று. அவரோ தொழிலைத் துறந்தாரல்லர். தம் விரலுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு கண் அறுவையைப் பயின்றார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்தார். பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976-ல் மதுரையிற் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. வளைந்த விரல்களுக்குக் கருவி வளைந்து கொடுத்தது. அதனால் எத்துணையோ கிராமத்து முதியோர் கண்ணொளி பெற்றனர். அன்று 'இக்கை உதவாது' என்று கருவியை மாற்றாது விட்டிருப்பின் இழப்பு அவர் ஒருவர்க்கு மட்டும் ஆகியிருக்குமோ?

இனி, கல்லூரியிற் பயிலும் நமக்கு நெருங்கியதொரு செய்தியைக் கூறுவோம். பார்வையற்ற மாணவர், திரையிலுள்ள எழுத்தைக் குரலாற் படித்துக்காட்டும் மென்பொருளின் துணையால் கணினியையும் கைப்பேசியையும் கையாளுகின்றனர். இவற்றுள் என்.வி.டி.ஏ. என்பது விலையின்றிக் கிடைப்பது, பார்வையற்றவராகிய மைக்கேல் கரன் என்னும் ஆஸ்திரேலியர் 2006-ல் தொடங்கியது, தமிழையும் படிக்கவல்லது. ஆனால் நாம் தட்டெழுதும் தமிழ் எல்லாவற்றையும் அதனாற் படிக்க இயலாது. காரணம் இது: பழைய எழுத்துருக்களிற் கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்தின் எண், திரையில் மட்டும் தமிழ் வடிவம் வரையப்படுகின்றது. கண்ணுக்கு அது தமிழ். மென்பொருளுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் கோவை. அச்சிட்ட தாளைப் படம்பிடித்து அனுப்பினாலும் இதே தொல்லை; மென்பொருள் அதனை வெறும் படம் என்றே கொள்ளும். யூனிகோடு என்னும் ஒருங்குறி முறையிலோ தமிழெழுத்துக்களுக்கென்றே தனியெண்கள் உண்டு. அகரத்திற்கு 2949, ககரத்திற்கு 2965. அம்முறையில் எழுதப்பட்டதனைக் கண்ணுடையாரும் படிக்கலாம், கண்ணிலாரும் கேட்கலாம். ஒருங்குறியிற் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது. தமிழக அரசும் 2010-ல் இதனை ஏற்றது. எனினும் பாடக்குறிப்பையும் அறிவிப்பையும் பழைய எழுத்துருவிலேயே அனுப்பும் பழக்கம் பலரிடம் இன்னும் நீங்கவில்லை.

இவையெல்லாம் ஒரு சிலரின் பொருட்டுப் பெருஞ்செலவு என்பாரும் உளர். 2011-ஆம் ஆண்டின் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகள். இவரைச் 'சிலர்' என்பது எங்ஙனம் பொருந்தும்? அன்றியும், நாம் அனைவரும் ஒருநாள் முதுமை எய்துவோம். நம் கண்ணும் மங்கும், விரலும் உலரும். தொடக்கத்திலேயே கருதிச் செய்தால் செலவு சிறிது. முடித்தபின் இடித்துக் கட்டுவதே பெருஞ்செலவு. இது கருணையால் மட்டும் செய்யப்படுவதும் அன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை உரிமையாக்கியது. வங்கியில் ஆளை உறுதிசெய்யக் கண் சிமிட்டுமாறு கேட்கும் முறையால், அமிலத்தாற் கண்ணும் முகமும் சிதைந்தோரும் பார்வையற்றோரும் தடைப்பட்டனர். அவ்வழக்கில் 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அடைதல் வாழ்வுரிமையின் பகுதியே என்றும், மாற்று வழிகள் அமைக்கப்படவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை கருவிகளை இயற்றுவீர்கள். பலர் அவற்றை வாங்குவீர்கள். சிலர் அலுவலகங்களில் அவற்றின் பின்னே அமர்ந்து மக்களை எதிர்கொள்வீர்கள். ஒருவர்க்குக் கருவி இணங்காதபோது 'இவரிடம் என்ன குறை?' என்று வினவாமல், 'இதனிடம் என்ன குறை?' என்று வினவுங்கள். அதற்கு முன்னர், இன்றே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. நீங்கள் தட்டெழுதும் குறிப்பும், மன்ற அறிவிப்பும், இம்மலருக்கு எழுதும் கட்டுரையும் ஒருங்குறியில் அமையட்டும். அங்ஙனம் அமையின், கண்ணாற் படிக்கவியலாத நம் தோழர் ஒருவர் பிறர் வந்து படித்துச் சொல்லும்வரை காத்திராமல், தாம் விரும்பிய பொழுதில், தாமே இம்மலரைக் கேட்டு மகிழ்வார்.