நர்ஸம்மா பாட்டியான பிறகு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் 1970களில் பணிக்குச் சேர்ந்த துணைச் செவிலியர்கள் இன்று எழுபதைத் தாண்டிய பாட்டிமார்கள். ஆவணங்களில் அவர்களின் பதவிப் பெயர் பல முறை மாறியது. ஊரார் வாயில் கடைசிவரை ஒரே பெயர்தான்: நர்ஸம்மா.

ஆரம்பத்தில் துணைச் செவிலியர் படிப்பு இரண்டாண்டுப் பயிற்சி. பள்ளிப் படிப்பை முடிக்காத பெண்களாலும் சேர முடிந்தது. பேறுகாலம் பார்ப்பதே அப்போது முதன்மையான வேலை. 1973இல் கர்த்தார் சிங் குழு அளித்த பரிந்துரைக்குப் பிறகு தடுப்பூசி, குடும்பநலம், காய்ச்சல் கண்காணிப்பு எல்லாம் அவர்கள் தலையில் சேர்ந்தன. பின்னாளில் கிராம சுகாதார செவிலியர் என்ற பெயரும் வந்தது. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அந்த 5,000 பேர் ஒரே ஊரில் இருப்பதில்லை. நாலைந்து குக்கிராமங்களாகச் சிதறிக் கிடப்பார்கள். பேருந்து போகாத இடத்துக்கு நடைதான்.

கர்ப்பிணியைப் பதிவு செய்வதிலேயே ஒரு தனித் திறமை வேண்டியிருந்தது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பேறுகாலம் தெரியும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. ஆனால் தேதியை நினைவில் வைத்திருந்த பெண்கள் குறைவு. “கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?” என்று கேட்டால் பதில் வராது. “ஆடிப்பெருக்குக்கு முன்னயா, பின்னயா?” என்று கேட்டால் வரும். ஆடிப்பெருக்கன்று என்றால் சித்திரைக் கடைசியில் குழந்தை. பண்டிகையையும் அறுவடையையும் கோயில் கொடையையும் நாட்காட்டியாக்கிக் கணக்குப் போடுவது நர்ஸம்மாக்கள் தாங்களாகவே வேலையில் கற்றுக்கொண்டது.

அவர்கள் செய்தவற்றில் பெரியது எது என்று கேட்டால், பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னியை விரட்டியது என்றே சொல்ல வேண்டும். நன்றாகப் பிறந்து, இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, மூன்றாம் நாளுக்குப் பிறகு வாய் இறுகிப் பால் குடிக்க முடியாமல் போகும். உடம்பு வில்லாக விறைக்கும். பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கவில்லை. காரணம் தொப்புள்கொடியில் இருந்தது. கையில் கிடைத்த கதிர் அரிவாளாலோ பழைய பிளேடாலோ கொடியை அறுப்பதும், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பதும் பல வீடுகளில் வழக்கம். மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி அந்த வழியாக உள்ளே போனது.

இதற்கு நர்ஸம்மாக்கள் கொண்டுபோன மருந்து இரண்டு. ஒன்று, கர்ப்பிணிக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ரணஜன்னித் தடுப்பூசி. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பு, குழந்தைக்கும் போய்ச் சேரும். மற்றொன்று ஐந்து சுத்தம்: சுத்தமான கை, சுத்தமான இடம், புது பிளேடு, சுத்தமான நூல், எதுவும் பூசாத தொப்புள். இதைக் கர்ப்பிணிக்குச் சொன்னால் மட்டும் போதாது, ஊர் மருத்துவச்சிக்கும் சொல்ல வேண்டும். மருத்துவச்சி வயதில் மூத்தவர், பரம்பரையாகப் பேறு பார்ப்பவர், அந்த ஊர்க்காரர். வெளியூரிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் அவரை எதிர்த்துப் பேசினால் வேலை நடக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க பாருங்கக்கா, நான் கூட இருக்கேன்” என்று சொன்னவர்களால்தான் அந்த வீடுகளுக்குள் போக முடிந்தது. தாய் சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

ஊசி போடுவதும் அன்று இன்றுபோல் எளிதல்ல. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கழுவி, இருபது நிமிடம் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுத்துப் பொருத்த வேண்டும். ஒரு முறை குத்தியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகள் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்கு 2000களின் நடுவில்தான் வந்தன. மருந்து கெடாமல் இருக்க 2 முதல் 8 டிகிரிக் குளிர் வேண்டும். பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பனி உருகுவதற்குள் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் 1995இல் போலியோ சொட்டு மருந்து நாட்களும் வந்தபோது, வீடு வீடாகப் போன கால்கள் இவர்களுடையவை. 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்று பெற்றபோது இவர்களில் பலர் ஓய்வு பெற்றிருந்தார்கள். அன்று அரசுப் பணியில் ஓய்வு வயது 58.

வேலை போனாலும் பழக்கம் போவதில்லை. பேரப்பிள்ளையைத் தூக்குமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவது, புறங்கையால் நெற்றியைத் தொட்டே காய்ச்சலைக் கணிப்பது, பாதரச வெப்பமானியை மணிக்கட்டால் ஒரு உதறு உதறுவது, பேதியானால் அளந்த ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் கரைப்பது. வீட்டார் இதைப் பாட்டியின் கண்டிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பல பத்தாண்டு அனுபவம்.

இன்று தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனையில் நடக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் வீட்டுப் பிரசவம் பார்த்த கடைசித் தலைமுறை இந்தப் பாட்டிமார்கள். அவர்கள் கைப்பட எழுதிய பதிவேடுகளில் ஊரின் பிறப்பும் எடையும் ஊசித் தேதியும் இருந்தன. அந்தப் பதிவேடுகள் எண்ணிக்கைக்கு மேலே எதையும் சொல்லவில்லை. மீதி அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. வீட்டில் இப்படி ஒரு பாட்டி இருந்தால், எந்த ஆண்டு எந்த ஊரில் வேலை பார்த்தார், முதல் பேறு யார் வீட்டில், அங்கே போக எத்தனை மைல் நடந்தார் என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.