அக்கா பேஷண்ட், தங்கை நர்ஸ்

என் தங்கை பி.எஸ்ஸி. நர்சிங் படித்து, மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். வாடகையும் ஸ்கூல் பீஸும் போனால் சம்பளத்தில் மீதி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. கூடப் படித்தவர்களில் நாலைந்து பேர் இங்கிலாந்து போய்விட்டார்கள். "நானும் போனா என்னக்கா?" என்று 2024 ஏப்ரலில் ஒருநாள் கேட்டாள். அப்போது அவள் பெண்ணுக்கு நாலு வயசு.

எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, அந்த வாரமே ஒரு ஏஜெண்டு வீடு தேடி வந்துவிட்டார். "நர்ஸா போகணும்னா பரீட்சை மேல பரீட்சைம்மா. முதல்ல கேர் அசிஸ்டெண்டா போயிடுங்க, அங்க போய் நர்ஸா மாறிக்கலாம். ஆறே மாசத்துல பாப்பாவையும் கூப்பிட்டுக்கலாம்" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே. கட்டணம் பதினோரு லட்சம். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை அன்றைக்கே வாங்கிப் போகவும் தயாராக இருந்தார். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். என் சங்கிலியை அடகு வைத்தால் எவ்வளவு வரும் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன், பொய் சொல்வானேன்?

நல்லவேளையாக அன்று ராத்திரி அங்கேயிருக்கும் தோழியைப் போனில் பிடித்தாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. 2024 மார்ச் 11 முதல், கேர் வேலைக்குப் போகிறவர்கள் கணவனையோ குழந்தையையோ அழைத்துக்கொள்ள முடியாது. முறைப்படி தகுதி பெற்று நர்ஸாகப் போகிறவர்களுக்கு அந்தத் தடை இல்லை. அதோடு, வேலை தேடித் தரும் ஏஜென்சி நர்ஸிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டு விதி. நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்க உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பதினோரு லட்சம் எங்கே, இது எங்கே! குழந்தையை விட்டுவிட்டு, படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைக்கு, கடன் வாங்கிப் போயிருப்பாள். (2025 ஜூலை 22 முதல், கேர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இனி யாராவது அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று வந்தால் காபிகூடக் கொடுக்காதீர்கள்.)

சரி, நேர்வழியிலேயே போவது என்று முடிவு செய்தோம். முதல் தடங்கல் பரீட்சையில் வரவில்லை, பெயரில் வந்தது. பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், கல்யாணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயர். மூன்று பெயரும் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம். சென்னையிலுள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு விவரங்கள் சரிபார்க்கப்படும் வரை காத்திருந்தோம். பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் பள்ளியில் பெயர் கொடுக்கும்போதே இதை யோசிக்கலாம்.

அடுத்தது இங்கிலீஷ். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற பரீட்சையில் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7 வாங்க வேண்டும், எழுதுவதில் 6.5 போதும். என் தங்கை மற்ற மூன்றிலும் தேறி, எழுதுவதில் மட்டும் 6 வாங்கினாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, மருத்துவத் துறையினருக்கென்றே நடக்கும் ஓ.இ.டி. பரீட்சையையும் ஏற்கிறார்கள் என்று தெரிந்து அதற்குத் தயாரானாள். அதில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, 45 நிமிஷத்தில் 180 முதல் 200 வார்த்தைக்குள் கடிதம் எழுதச் சொல்வார்கள். இவள் குறிப்பில் இருப்பதையெல்லாம் எழுதிவைப்பாள். படிக்கப்போகிறவருக்கு எது தேவையோ அதை மட்டும் எழுத வேண்டுமாம். விடுவது எது என்று கற்றுக்கொள்ளவே இரண்டு மாதம் ஆனது. செப்டம்பரில் தேறிவிட்டாள்.

நவம்பரில் கம்ப்யூட்டர் பரீட்சை. அரை மணியில் 15 கணக்கு, பிறகு இரண்டரை மணி நேரத்தில் 100 கேள்வி. 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிஷத்துக்கு எத்தனை? தோசை வார்த்துக்கொண்டே "நாற்பத்திரண்டு" என்பாள். அதில் பயமில்லை.

பயமெல்லாம் கடைசிப் பரீட்சையில்தான். ஆஸ்கி என்கிறார்கள். அதை அங்கே போய்த்தான் செய்ய வேண்டும். பத்துக் கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டவோ எழுதிக்காட்டவோ வேண்டும். கட்டணம் 794 பவுன், அவளுக்கு ஆஸ்பத்திரியே கட்டியது. இதற்காகத் தினமும் மத்தியானம் எங்கள் வீட்டுக் கட்டில் வார்டாகிவிடும். நான் பேஷண்ட். பத்தாவதோடு நின்ற என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு முனகுவேன். அவள் கை கழுவி வந்து, தன் பெயர் சொல்லி, என் பெயர், பிறந்த தேதி, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டு, செய்யப்போவதை விளக்கி, "செய்யலாமா?" என்று சம்மதம் வாங்க வேண்டும். ஒன்பது வருஷப் பழக்கத்தில் இவள் கை முந்திக்கொள்ளும், வாய் வராது. "ஒரு ஊசிக்கு இவ்வளவு பேச்சாடி?" என்று அம்மா சிரிப்பாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இரண்டாவது பிரசவத்தில் கையில் ஏற்றியது என்ன மருந்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தங்கை முதல் தடவையாகத் தடங்காமல் எல்லாவற்றையும் கேட்டு முடித்த அன்று, பாசாங்குப் பேஷண்டாகப் படுத்திருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2024க்குப் பிறகு அங்கே புதிதாகச் சேரும் வெளிநாட்டு நர்சுகள் குறைந்துவிட்டார்கள். இவளும் நாற்பது இடத்துக்கு மனுப் போட்டாள், பதில் வந்தது மூன்றிலிருந்து. 2025 மார்ச்சில் கிளம்பினாள். மே மாதம் ஆஸ்கியில் ஒரு கட்டத்தில் தவறிவிட்டாள். மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டையில் பெயர் பார்க்கவில்லை. போனில் அழுதாள். அந்த ஒரு கட்டத்தை மட்டும் மறுபடி செய்தால் போதும் என்றார்கள். ஜூனில் தேறினாள்.

ஐந்து மாதம் குழந்தை என்னிடம்தான் இருந்தது. ராத்திரியில் அம்மா எங்கே என்று கேட்டு அழும், காலையில் மறந்துவிடும். ஆகஸ்டில் அப்பாவோடு விமானம் ஏறியது. பெட்டி கனம் கூடிவிட்டதென்று இறக்கிவைத்த தோசைக்கல் இங்கேயே இருக்கிறது. அந்தப் பக்கம் யாராவது போனால் கொடுத்தனுப்ப வேண்டும்.